சராசரி சரியாக இருந்தால் போதுமா? அறுவை அரங்கில் உடல் வெப்பநிலை அளப்பது பற்றி

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் மருத்துவப் பக்கத்தில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அறுவை சிகிச்சையின்போது உடல் வெப்பநிலையை அளக்க இனி வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ எதையும் உள்ளே விடத் தேவையில்லை, நெற்றியில் ஒரு வில்லையை ஒட்டினால் போதும், இரண்டுக்கும் உள்ள வேறுபாடு சராசரியாகக் கிட்டத்தட்ட பூஜ்யம்தான் என்று அதில் எழுதியிருந்தார்கள். எழுதியவர் நல்ல எண்ணத்தில்தான் எழுதியிருக்கிறார், அந்தத் தகவலும் பொய் இல்லை. ஆனால் "சராசரியாக" என்ற அந்த ஒரு சொல் எவ்வளவு பெரிய விஷயத்தை மறைத்துவிடுகிறது என்பது படிக்கிறவருக்குத் தெரிய வாய்ப்பில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும், முழுவதும் போட முடியாவிட்டால் வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பல வருடங்களாக மயக்கம் தெளியும் அறையில் வேலை பார்க்கிற செவிலியர். தியேட்டர் கதவு திறந்து ஸ்ட்ரெச்சர் வெளியே வந்ததும் அந்த ஆளை முதலில் தொட்டுப் பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. பல் கிட்டித்து, உடம்பெல்லாம் உதறி, "குளிருது குளிருது" என்று வாய் குழறுகிறவர்களை எத்தனை பேரைப் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. வயிற்றில் புதுத் தையலோடு அப்படி நடுங்குவது எவ்வளவு வலி என்று அவர்கள் முகத்தைப் பார்த்தாலே தெரியும்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடுகிறேன். உடம்புக்கு ஒரே வெப்பநிலை கிடையாது. இதயம், மூளை, ஈரல், குடல் எல்லாம் இருக்கிற உள்பகுதி ஏறக்குறைய 37 டிகிரி செல்சியஸில் இருக்கும். கை, கால், தோல் எல்லாம் அதைவிட இரண்டு மூன்று டிகிரி, சில சமயம் நான்கு டிகிரி கூடக் குறைவாக இருக்கும். இந்த வித்தியாசம் கலைந்துவிடாமல் காப்பது ரத்தக்குழாய்கள். குளிர்ந்தால் தோலில் உள்ள குழாய்கள் சுருங்கிக்கொள்ளும், உள்ளே இருக்கிற சூடு உள்ளேயே நிற்கும். விழித்திருக்கும்போது மூளை இதை ஒரு டிகிரியில் சில பத்திலொரு பங்கு துல்லியத்தோடு கவனித்துக்கொள்கிறது. மயக்க மருந்து கொடுத்ததும் இந்தக் காவல் தளர்ந்துவிடும். உடம்பு பல டிகிரி குளிர்ந்த பிறகுதான் மூளைக்கே உறைக்கும்.

அப்போது என்ன நடக்கிறது என்றால், குழாய்கள் விரிந்து, உள்ளே இருந்த சூடான ரத்தம் கை கால்களுக்குப் பாய்கிறது. வெளியே போகிற சூட்டைவிட, உள்ளேயிருந்து ஓரங்களுக்கு நகர்கிற சூடுதான் இதில் அதிகம். முதல் ஒரு மணி நேரத்திலேயே உள்ளுடல் வெப்பநிலை ஒன்று முதல் ஒன்றரை டிகிரி வரை இறங்கிவிடலாம். அதன்பின் அடுத்த இரண்டு மூன்று மணி நேரம் மெதுவாக இறங்கும், அப்புறம் ஒரு நிலையில் நிற்கும். முதல் மணி நேரத்தைத்தான் நன்றாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரத்தில் நோயாளியின் கையைத் தொட்டால் கதகதப்பாக இருக்கும். உள்ளே குளிர்ந்துகொண்டே போகும், வெளியே சூடாகிக்கொண்டே போகும். தோலை மட்டும் பார்க்கிற எந்தக் கருவிக்கும் இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. தோலும் உள்ளுடலும் எதிரெதிர்த் திசையில் போகிற நேரத்தில், ஒன்றை வைத்து மற்றொன்றை ஊகிப்பது எவ்வளவு கடினம் என்று யோசித்துப் பாருங்கள்.

சூடான காற்று ஊதும் போர்வை போட்டால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். பெரிதும் உதவும், ஆனால் உடனே இல்லை. அப்படிப் போர்வை போடப்பட்ட 58,814 நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2015-இல் ஒரு கட்டுரை வெளியானது. எல்லாருக்கும் உணவுக்குழாயில் அளந்திருந்தார்கள். அவர்களிலும் சுமார் 64 சதவீதம் பேர், அதுவும் பெரும்பாலும் முதல் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே, 36 டிகிரிக்குக் கீழே போயிருந்தார்கள். 36-க்குக் கீழே போனால்தான் தாழ்வெப்பம் என்று கணக்கு. மயக்கம் கொடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பிருந்தே போர்த்திச் சூடேற்றினால் இந்த இறக்கம் குறையும், ஆனால் அவசரமாக நடக்கும் வேலைகளுக்கு நடுவே அது பல நேரம் விட்டுப்போகிறது.

ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி இறங்கினால் என்ன ஆகிவிடப் போகிறது? இதற்கு மிகத் தெளிவான பதில் 1996-இல் வந்தது. பெருங்குடல் அறுவை சிகிச்சை செய்துகொண்ட 200 பேரை இரண்டு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவைச் சூடாக வைத்தார்கள், இன்னொரு குழுவை அந்தக் கால வழக்கப்படி விட்டார்கள். ஒரு குழு சராசரியாக 36.6 டிகிரியில் முடித்தது, மற்றது 34.7-இல். சூடாக இருந்தவர்களில் 6 சதவீதம் பேருக்கும், குளிர்ந்துபோனவர்களில் 19 சதவீதம் பேருக்கும் காயத்தில் சீழ் வைத்தது. மருத்துவமனையில் இருந்த நாட்களும் குளிர்ந்தவர்களுக்கு இரண்டரை நாட்களுக்கு மேல் கூடியது. இதய நோய் அபாயம் உள்ள 300 பேரிடம் செய்து அடுத்த வருடம் வெளிவந்த ஆய்வில், இதயச் சிக்கல்கள் சூடாக வைக்கப்பட்டவர்களில் 1.4 சதவீதம், மற்றவர்களில் 6.3 சதவீதம். ரத்தம் உறைவது மெதுவாகும், தசையைத் தளர்த்தும் மருந்தின் வேலை இரண்டு டிகிரி இறங்கினாலே இரண்டு மடங்குக்கு மேல் நீளும், மயக்கம் தெளிய நேரமாகும். எங்கள் அறையில் வந்து சேரும்போது இதையெல்லாம் கண்ணால் பார்க்கலாம்.

ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரும்பாலும் சீனாவிலும் ஓரளவு அமெரிக்காவிலும், 5,000-க்கும் மேற்பட்டவர்களிடம் செய்த ஒரு பெரிய ஆய்வு 2022-இல் வெளிவந்தது. ஒரு குழுவை 35.5 டிகிரி அருகிலும், இன்னொன்றை 37 அருகிலும் வைத்தார்கள். இதயத் தசைச் சேதத்திலும் சரி, காயத் தொற்றிலும் சரி, பெரிய வித்தியாசம் இல்லை. இதைப் பிடித்துக்கொண்டு "அப்படியானால் வெப்பநிலையைப் பற்றி இவ்வளவு கவலை எதற்கு" என்று என்னிடமே கேட்டிருக்கிறார்கள். நான் அதை நேர்மாறாகப் படிக்கிறேன். 35.5 பரவாயில்லை என்று ஒரு ஆய்வு சொல்கிறது, 34.7 ஆபத்து என்று இன்னொரு ஆய்வு சொல்கிறது. இரண்டுக்கும் நடுவே 0.8 டிகிரி. என் முன்னால் படுத்திருப்பவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், கையில் இருக்கிற கருவி 0.8 டிகிரியைப் பிரித்துக் காட்டத் தெரிந்ததாக இருக்க வேண்டும். பெரிய ஆய்வு வந்த பிறகுதான் துல்லியம் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது.

இப்போது உங்கள் கட்டுரை சொன்ன சராசரிக்கு வருகிறேன்.

ஒருவரிடம் ஒரு கைக்கடிகாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நாள் அது இருபது நிமிடம் முந்தி ஓடும், சில நாள் இருபது நிமிடம் பிந்தி ஓடும். ஒரு வருடம் முழுக்கக் கணக்குப் பார்த்தால் சராசரித் தவறு பூஜ்யம். ஆனால் இன்றைக்கு ரயிலைப் பிடிக்க அந்தக் கடிகாரத்தை நம்பிப் புறப்படுகிறவருக்கு அந்தப் பூஜ்யத்தால் என்ன பயன்? அவருக்குத் தெரிய வேண்டியது, இன்று இது அதிகபட்சம் எவ்வளவு தப்பாக இருக்கலாம் என்பதுதான். வெப்பமானியும் அப்படியே. மேசையில் படுத்திருப்பவர் ஒரே ஒரு ஆள், அவருக்குச் சராசரி கிடையாது.

ஒரு புதிய கருவியைப் பழைய கருவியோடு ஒப்பிடும்போது சராசரி வேறுபாட்டைச் சொன்னால் மட்டும் போதாது, நூற்றில் தொண்ணூற்றைந்து அளவீடுகள் எந்த எல்லைக்குள் விழுகின்றன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரண்டு புள்ளியியலாளர்கள் 1986-இல் லான்செட் இதழில் எழுதினார்கள். அதற்கு முன்பெல்லாம் இரண்டு கருவிகளும் சேர்ந்து ஏறுகின்றனவா, சேர்ந்து இறங்குகின்றனவா என்று பார்த்துவிட்டு "நல்ல ஒத்திசைவு" என்று எழுதிவிடுவார்கள். எப்போதும் இரண்டு டிகிரி குறைத்துக் காட்டுகிற கருவிகூட அந்தச் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கிவிடும். இன்றும் விளம்பரத் தாள்களில் அந்தப் பழைய கணக்கைப் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் கோபம் வருகிறது.

சரி, நெற்றி வில்லையின் எல்லை என்ன? பேர் ஹக்கர் என்ற பெயரில் வருகிற, பூஜ்ய வெப்ப ஓட்டம் என்ற முறையில் வேலை செய்கிற கருவியைப் பற்றிய 16 ஆய்வுகளை, 952 பேரிடம் எடுத்த மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஜோடி அளவீடுகளை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு இருக்கிறது. அதில் வந்த எல்லை மைனஸ் 0.93 முதல் பிளஸ் 0.98 டிகிரி வரை. இரண்டும் ஒன்றையொன்று அடித்துக்கொள்வதால்தான் சராசரி பூஜ்யத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது. உங்கள் கட்டுரை கண்டது அந்தப் பூஜ்யத்தைத்தான். எனக்குத் தெரிய வேண்டியது ஒரு டிகிரி வரை தவறலாம் என்பது. திரையில் 35.6 என்று இருந்தால் உண்மை 34.7 ஆகவும் இருக்கலாம், 36.5 ஆகவும் இருக்கலாம். பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது, அதையும் சொல்லத்தான் வேண்டும், ஆனால் போகவே போகாது என்று யாரும் எழுதித் தர முடியாது. இந்தத் துறையில் பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்ட வரம்பு அரை டிகிரி.

இதைப் படித்துவிட்டு அந்த வில்லை பயனற்றது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. உண்மையில் அது மிக அழகான யோசனை. 1971-இல் ஃபாக்ஸ், சோல்மன் என்ற இருவர் இதை எழுதினார்கள். தோலின் மேல் ஒரு வெப்பக்காப்புத் தகட்டை வைத்து, அதன் அடியிலும் மேலும் ஒவ்வொரு வெப்ப உணரியை வைத்து, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சிறு சூடேற்றியை வைக்கிறார்கள். உள்ளேயிருந்து சூடு வெளியே வருகிற வரை கீழ் உணரி அதிகமாகக் காட்டும், மேல் உணரி குறைவாகக் காட்டும். சூடேற்றி கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, இரண்டும் ஒன்றாகிற நிலைக்குக் கொண்டுவரும். அந்த நிலையில் அந்த இடத்தில் தோல் வழியாகச் சூடு வெளியேறுவதே நின்றுவிடுகிறது. வெளியேற வழியில்லாத சூடு அடியில் தேங்கி, தோலின் வெப்பநிலை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் ஆழத்தில் உள்ள திசுவின் வெப்பநிலையை எட்டிவிடும். நெற்றியில் ரத்த ஓட்டம் தாராளமாக இருப்பதால் அந்த ஆழத்துச் சூடு உள்ளுடலை நெருங்கி நிற்கிறது. சூடேற்றி இல்லாமல், சூடு எவ்வளவு வேகமாகக் கசிகிறது என்று கணக்குப் போட்டு ஊகிக்கிற இரட்டை உணரி வகையும் உண்டு.

இந்த வில்லையின் பெரிய நன்மை, விழித்திருக்கிறவருக்கும் ஒட்டலாம் என்பது. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்கிற அறுவை சிகிச்சைகளில் நோயாளி பேசிக்கொண்டிருப்பார், அவருக்கு உணவுக்குழாயில் உணரி விட முடியாது. ஆனால் அவரும் குளிர்ந்துபோவார், முழு மயக்கம் கொடுத்தவர் போலவே. இதில் இன்னொரு வேதனை என்னவென்றால், கால் முழுவதும் குழாய்கள் விரிந்து கதகதப்பாக இருப்பதால் அவருக்கே குளிர்வது தெரியாது. "எப்படி இருக்கிறது" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்பார், உள்ளே 35-க்கு வந்திருக்கும். இப்படிப்பட்டவர்களுக்கு ஒன்றுமே அளக்காமல் விடுவதைவிட ஒரு டிகிரி தவறலாம் என்று தெரிந்த ஒரு நெற்றி வில்லை ஆயிரம் மடங்கு மேல்.

என் கோபமெல்லாம் வேறொன்றின் மேல். தூரத்திலிருந்து நெற்றியில் காட்டி அழுத்தினால் நொடியில் எண் காட்டுகிற அகச்சிவப்புத் துப்பாக்கி. கோவிட் காலத்தில் எல்லா வாசலிலும் இருந்ததே, அது. அந்தக் காலம் முடிந்த பிறகு அது அப்படியே அறுவை வார்டுகளுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. வேகம், தொடத் தேவையில்லை, உறை மாற்றத் தேவையில்லை, வேலைச்சுமையில் இருக்கிற செவிலியருக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? ஆனால் அது பார்ப்பது தோலின் மேற்பரப்பை மட்டும். ஒரு துளி வியர்வை, சூடான காற்றுப் போர்வையின் விளிம்பிலிருந்து முகத்தில் படுகிற காற்று, குளிர்ந்த அறை, சுருங்கிய ரத்தக்குழாய், எது இருந்தாலும் எண் மாறிவிடும். பார்த்த தோல் வெப்பநிலையோடு ஒரு சூத்திரத்தைச் சேர்த்து, "உள்ளே இவ்வளவு இருக்கும்" என்று ஊகித்துக் காட்டுகிறது. தோலுக்கும் உள்ளுடலுக்கும் வழக்கமாக இருக்கிற இடைவெளியை வைத்துப் போட்ட சூத்திரம் அது. மயக்க மருந்து முதலில் குலைப்பதே அந்த இடைவெளியைத்தான்.

காதுக்குள் விடும் அகச்சிவப்புக் கருவியும், நெற்றிப்பொட்டில் தடவும் கருவியும் இதே குடும்பம்தான். காதில் அது செவிப்பறையைப் பார்ப்பதாகச் சொல்வார்கள், ஆனால் காதுவழி வளைந்து போவதால் பல நேரம் ஓரச் சுவரைத்தான் பார்க்கிறது, காதழுக்கு இருந்தால் அதைப் பார்க்கிறது. செவிப்பறையையே தொட்டு நிற்கிற மெல்லிய உணரி வேறு, இது வேறு. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லி வாங்குபவர்களைக் குழப்புகிறார்கள்.

அக்குள், காது, நெற்றி என்று உடம்பின் வெளிப்புறத்தில் அளக்கும் பலவகை வெப்பமானிகளைப் பற்றி 75 ஆய்வுகளை, 8,682 நோயாளிகளைச் சேர்த்து 2015-இல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. காய்ச்சல் உள்ள பெரியவர்களில் எல்லை மைனஸ் 1.44 முதல் பிளஸ் 1.46 டிகிரி வரை போனது. காய்ச்சல் இருப்பவர்களில் 64 சதவீதம் பேரைத்தான் அவை பிடித்தன. மூன்றில் ஒருவருக்கு மேல் தப்பிவிடுகிறார்கள் என்று அர்த்தம். பிரிட்டனில் நைஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அமைப்பு, அறுவை சிகிச்சை நோயாளிகளுக்கான தன் வழிகாட்டுதலில் இதைத் தெளிவாகவே எழுதிவிட்டது. நுரையீரல் தமனி, உணவுக்குழாயின் கீழ்ப்பகுதி, சிறுநீர்ப்பை, பூஜ்ய வெப்ப ஓட்ட நெற்றி வில்லை, நாக்கின் அடி, அக்குள், மலக்குடல் ஆகிய இடங்களில் அளக்கலாம். அகச்சிவப்புக் காதுக் கருவி, நெற்றிப்பொட்டுக் கருவி, நெற்றித் துப்பாக்கி, நிறம் மாறும் நெற்றிப் பட்டை ஆகியவற்றைப் பெரியவர்களின் அறுவை சிகிச்சையில் பயன்படுத்த வேண்டாம். நெற்றி என்ற சொல் இரண்டு பட்டியலிலும் வருகிறது பாருங்கள். உங்கள் கட்டுரையில் இந்த வித்தியாசம் சொல்லப்படவே இல்லை, வில்லையையும் துப்பாக்கியையும் ஒரே மூச்சில் "தொடாமல் அளக்கும் நவீன முறைகள்" என்று எழுதியிருந்தார்கள். வில்லை தொடாமல் அளப்பதும் இல்லை.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். எங்கே, எப்போது என்பது வேண்டாம். இடுப்பு எலும்பு முறிந்து, முதுகில் ஊசி போட்டுச் சரிசெய்யப்பட்ட ஒரு வயதான அம்மா வெளியே வந்தார். தியேட்டரில் வெப்பநிலை எழுதியிருக்கவில்லை. எங்கள் அறையில் துப்பாக்கியைக் காட்டினால் 36.4. பக்கத்தில் நின்ற இளம் செவிலியர் அதை எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள், அவள் மேல் தப்பே இல்லை, கையில் கொடுத்த கருவியை நம்பினாள். அந்த அம்மாவின் பேச்சு எனக்கு ஏதோ மந்தமாகப் பட்டது, உதடு வெளுத்திருந்தது, நாடி மெதுவாக இருந்தது. நாக்கின் அடியில் சாதாரண டிஜிட்டல் வெப்பமானியை வைத்து, வாயை மூடச் சொல்லி, அது கூவுகிற வரை காத்திருந்து பார்த்தேன். 34.6. மறுபடியும் வைத்தேன், 34.6. சூடான காற்றுப் போர்வையைப் போட்டு, ஏற்றுகிற திரவத்தையும் வெதுவெதுப்பாக்கி, 36-ஐ எட்ட மூன்று மணி நேரம் ஆனது. அந்த 36.4-ஐ நம்பி வார்டுக்கு அனுப்பியிருந்தால் அந்த மூன்று மணி நேரம் அவர் ஒரு மெல்லிய போர்வைக்குள் தனியாக நடுங்கியிருப்பார். என்னை இன்றும் உறுத்துவது அதுதான்.

உள்ளே விடுகிற உணரிகளும் கடவுள் வாக்கு இல்லை, இதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உணவுக்குழாய் உணரியை இதயத்துக்குப் பின்னால் வருகிற அளவுக்குக் கீழே இறக்க வேண்டும், மேலேயே நிறுத்திவிட்டால் மூச்சுக்குழாயில் போய்வருகிற குளிர்ந்த வாயு அதைக் குளிர்வித்துக் குறைவாகக் காட்டும். மூக்குத்தொண்டையில் வைப்பதானால் மூக்குத் துளையிலிருந்து குறைந்தது பத்து சென்டிமீட்டராவது உள்ளே போக வேண்டும். சிறுநீர்ப்பை உணரி சிறுநீர் நன்றாகப் போகிற வரை சரி, சிறுநீர் குறைந்தால் பின்தங்கிவிடும். மலக்குடல் எப்போதுமே மெதுவாகத்தான் பின்தொடரும். இதய அறுவையில் ரத்தத்தை இயந்திரம் வழியாக விட்டுக் குளிர்வித்து மறுபடி சூடேற்றுகிற நேரத்தில் இந்த ஒவ்வொரு இடமும் ஒவ்வொரு எண்ணைச் சொல்லும், அப்போது மூளை எவ்வளவு சூடாகிறது என்பதுதான் கவலை, சிறுநீர்ப்பை எண்ணைப் பார்த்துச் சூட்டைக் கூட்டிக்கொண்டே போனால் மூளை அளவுக்கு மீறிச் சூடாகிவிடும். ஆகவே ஒப்பீட்டு ஆய்வுகளில் தெரிகிற வேறுபாடு முழுவதையும் நெற்றி வில்லையின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. எதிரே வைத்த அளவுகோலே சில நேரம் கோணலாக இருந்திருக்கும்.

குளிர்வதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன், எதிர்த்திசையும் உண்டு. மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்று ஒன்று. மரபணுவில் ஒரு கோளாறு உள்ள சிலருக்குச் சில மயக்க வாயுக்களும் சக்சினைல்கோலின் என்ற மருந்தும் பட்டால் தசைகள் கட்டுக்கடங்காமல் எரியத் தொடங்கும், வெப்பநிலை வேகமாக ஏறும், டான்ட்ரோலீன் என்ற மருந்தை உடனே கொடுக்காவிட்டால் உயிர் போய்விடும். மிக அரிது. ஆனால் வட அமெரிக்கப் பதிவேட்டில் 2007 முதல் 2012 வரை வந்த 84 நிகழ்வுகளை ஆராய்ந்தபோது, உள்ளுடல் வெப்பநிலை அளக்கப்பட்டவர்களோடு ஒப்பிட்டால், வெப்பநிலையே அளக்கப்படாதவர்கள் இறக்கும் வாய்ப்பு 13.8 மடங்காகவும், தோலில் மட்டும் அளக்கப்பட்டவர்களுக்கு 9.7 மடங்காகவும் இருந்தது. இறந்தவர்கள் 8 பேர்தான், சிறிய எண்ணிக்கை, அதனால் அந்த மடங்குகளை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் தோலில் அளந்தவர்கள், அளக்காமல் விட்டவர்களுக்குப் பக்கத்தில் போய் நிற்கிறார்களே, அதை எப்படிக் கவனிக்காமல் விடுவது?

இன்னொன்று, யாரும் எழுதுவதில்லை, ஆனால் எங்கள் அறையில் தினமும் நடக்கிறது. தியேட்டரில் உணவுக்குழாயில் அளந்து 35.4 என்று எழுதியிருப்பார்கள். வெளியே வந்ததும் நாங்கள் நெற்றியில் காட்டி 36.3 என்று எழுதுவோம். இரண்டு எண்களும் ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து இருக்கும். மாலையில் சுற்றுக்கு வருகிற மருத்துவர் பார்க்கும்போது, பத்து நிமிடத்தில் ஒரு டிகிரி ஏறிவிட்டது, நோயாளி நன்றாகச் சூடாகிவிட்டார் என்றுதான் நினைப்பார். ஏறியது நோயாளி இல்லை, மாறியது கருவி. வெப்பநிலை எழுதுகிற ஒவ்வொரு கட்டத்திலும் எங்கே, எதால் அளந்தது என்று ஒரு சொல் சேர்த்து எழுதினால் போதும், இந்தக் குழப்பத்தில் பாதி போய்விடும். இதற்குப் புதுக் கருவி வேண்டாம், செலவும் இல்லை. நான் இருந்த இடத்தில் இதைச் சொல்லிச் சொல்லி, கடைசியில் நாங்களே படிவத்தில் பேனாவால் கோடு போட்டு ஒரு பத்தி சேர்த்துக்கொண்டோம்.

நெற்றி வில்லை ஒட்டுகிறவர்களுக்கு என் அனுபவத்தில் தெரிந்த சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன். வியர்வையைத் துடைத்துவிட்டு, ஓரம் தூக்காமல் ஒட்ட வேண்டும். ஒட்டியதும் தெரிகிற முதல் எண்ணை எழுதக் கூடாது, நிலைக்க சில நிமிடம் கொடுக்க வேண்டும். சூடான காற்றுப் போர்வையின் காற்று அதன் மேல் நேராக அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒற்றை எண்ணைவிட அது போகிற திசை நம்பகமானது, அரை மணிக்கு ஒருமுறை குறித்து வந்தால் இறங்குகிறதா ஏறுகிறதா என்பது தெரிந்துவிடும். எண்ணும் ஆளும் பொருந்தாவிட்டால், அதாவது 36.5 என்று காட்டும்போது ஆள் நடுங்கிக்கொண்டிருந்தால், இன்னொரு இடத்தில் அளந்து பார்க்க வேண்டும். மயக்கத்தில் வாயில் குழாயோடு இருப்பவருக்கு, தடை எதுவும் இல்லாதபோது, நெற்றி வில்லை இருக்கிறதே என்று உணவுக்குழாய் உணரியை விட்டுவிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கு அதனால் எந்தத் தொந்தரவும் இல்லை, நமக்குக் கிடைப்பதோ நம்பகமான எண்.

நோயாளியின் குடும்பத்தாரும் தயங்காமல் கேட்கலாம். அரை மணி நேரத்துக்கு மேல் மயக்க மருந்து கொடுக்கப் போகிறார்கள் என்றால், வெப்பநிலையை எங்கே அளப்பீர்கள், எப்படிச் சூடாக வைப்பீர்கள் என்று மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். நல்ல மயக்க மருத்துவர் யாரும் இதற்குக் கோபப்பட மாட்டார், நான் பார்த்தவரை சந்தோஷப்படுவார்கள். வெளியே வந்தவர் குளிருது என்று சொன்னால், "மயக்கம் தெளியும்போது அப்படித்தான்" என்று யாராவது சொன்னாலும் விடாதீர்கள், நாக்கின் அடியில் வைத்து ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் மருத்துவப் பக்கத்தை நோயாளிகள் மட்டும் படிப்பதில்லை, மருத்துவமனைகளில் கருவி வாங்குகிறவர்களும் படிக்கிறார்கள், கத்தரித்து வைத்துக்கொண்டு "பேப்பரிலேயே வந்திருக்கிறது" என்று கூட்டத்தில் காட்டுகிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். அதனால் அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், சராசரி வேறுபாடு பூஜ்யம் என்பதோடு, ஒரு தனி நோயாளிக்கு ஒரு டிகிரி வரை முன்பின்னாக இருக்கலாம் என்ற எல்லையையும், நெற்றி வில்லையும் அகச்சிவப்புத் துப்பாக்கியும் ஒன்றல்ல என்பதையும் நான்கு வரியில் போடுங்கள். முன்பு போட்ட அளவுக்கே பெரிய எழுத்தில்.

இப்படிக்கு,
மயக்கம் தெளியும் அறைச் செவிலியர் ஒருவர்